திரும்பப் பெற முடியுமா? மரபணுப் பொறியியலின் அடிப்படை, பயன், கவலை



மரபணுப் பொறியியல் என்றதும் அது எங்கோ தொலைவில், வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் நடக்கும் காரியம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் இந்த அரங்கில் அதற்கு வெளியே நிற்பவர் எவருமில்லை. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவரின் மருந்து, மரபணு மாற்றிய நுண்ணுயிரில் விளைந்தது. குழந்தைகளுக்குப் போடப்படும் கல்லீரல் அழற்சி பி தடுப்பூசி, மரபணு மாற்றிய ஈஸ்டில் விளைந்தது. நாம் உடுத்தியிருக்கும் உள்நாட்டுப் பருத்தி ஆடைகளில் பெரும்பாலானவை மரபணு மாற்றிய பி.டி. பருத்தியில் நெய்தவை. அந்தப் பருத்தியின் கொட்டை எண்ணெயாகச் சமையலுக்கும், பிண்ணாக்காக மாட்டுத் தொட்டிக்கும் போகிறது.

ஆகவே, இந்தத் தொழில்நுட்பம் வேண்டுமா வேண்டாமா என்று ஒரே சொல்லில் விடை கேட்பது பயன் தராது. நான் இன்று முன்வைக்க விரும்புவது வேறொரு கேள்வி. மாற்றப்பட்ட மரபணு எங்கே வாழப்போகிறது? நாளை ஒரு தவறு தெரியவந்தால் அதைத் திரும்பப் பெற முடியுமா? தொழிற்சாலைத் தொட்டி, நோயாளியின் உடல், திறந்த வயல், மனிதக் கரு என்று நான்கு இடங்களில் இன்று மரபணு மாற்றம் நடக்கிறது. இந்த வரிசையில் ஒவ்வொரு படி போகும்போதும் திரும்பப் பெறுவது கடினமாகிக்கொண்டே வருகிறது. அதற்கேற்ப எச்சரிக்கையும் பொதுமக்களின் பங்கும் கூட வேண்டும். என் உரையின் சாரம் இதுதான்.

1. வெட்டுதலும் ஒட்டுதலும்

முதலில் அடிப்படை. உயிரின் பண்புகளைத் தாங்கி நிற்பது டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை. இந்த இழையை ஒரு நூலாகக் கொண்டால் அதில் உள்ள எழுத்துகள் நான்கே: அடினின், தைமின், குவானின், சைட்டோசின். மனித உயிரணுவில் ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 300 கோடி எழுத்திணைகள் இருக்கின்றன. அவற்றுக்கிடையே புரதம் செய்யும் கட்டளைகள், அதாவது மரபணுக்கள், ஏறத்தாழ 20,000. இந்த எழுத்துகள் பாக்டீரியாவுக்கும் நெல்லுக்கும் நமக்கும் பொதுவானவை. மனித மரபணு ஒன்றை ஏற்ற வடிவில் பாக்டீரியாவுக்குள் வைத்தால் அது படித்துப் பொருள் கொள்கிறது. மரபணுப் பொறியியல் முழுவதும் இந்த ஒற்றுமையின் மேல்தான் நிற்கிறது.

1953ல் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவத்தை விளக்கினார்கள். ரோசலிண்ட் பிராங்க்ளின் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்கள் அதற்குத் துணை நின்றன. இழையை வெட்டும் கருவி பாக்டீரியாவிடமிருந்தே கிடைத்தது. தன்னைத் தாக்கும் வைரஸின் டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட எழுத்து வரிசையில் துண்டிக்கும் நொதிகள் பாக்டீரியாக்களிடம் உண்டு. 1972ல் பால் பெர்க் இருவேறு மூலங்களின் டி.என்.ஏ.வை ஒன்றாக ஒட்டினார். 1973ல் ஹெர்பர்ட் பாயரும் ஸ்டான்லி கோயனும் அயல் மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில் சேர்த்துப் பாக்டீரியாவுக்குள் செலுத்தினர். பாக்டீரியா பெருகப் பெருக அந்த மரபணுவும் பெருகியது.

அடுத்து நடந்ததை மாணவர்கள் மறக்கக் கூடாது. புற்றுநோயுடன் தொடர்புள்ள வைரஸின் மரபணுவைக் குடல் பாக்டீரியாவுக்குள் வைப்பது ஆபத்தாகுமே என்ற கேள்வி எழுந்ததும், பெர்க்கும் சக அறிவியலாளர்களும் 1974ல் சிலவகைச் சோதனைகளைத் தாங்களே நிறுத்திவைக்கக் கோரினர். 1975 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அசிலோமரில் ஏறத்தாழ 140 பேர் கூடிப் பேசினர். ஆபத்து கூடக்கூடக் கட்டுக்காவலும் கூட வேண்டும், வெளியே தப்பினால் பிழைக்க முடியாத பாக்டீரியாவைத்தான் பயன்படுத்த வேண்டும், மிக ஆபத்தானவற்றைத் தொடவே கூடாது என்பன அங்கே எட்டிய முடிவுகள். கட்டுப்பாடு வேண்டும் என்று முதலில் கேட்டவர்கள், அந்தக் கருவியை உருவாக்கியவர்களே.

2. தொட்டிக்குள்

முதல் பெரும் பயன் மருந்தில் வந்தது. 1921ல் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்த பிறகு, அறுபது ஆண்டுகள் உலகம் மாடு, பன்றிகளின் கணையத்தை நம்பியிருந்தது. விலங்கு இன்சுலின் சிலருக்கு ஒவ்வாமை தந்தது. நோயாளிகளின் எண்ணிக்கையோ ஏறிக்கொண்டே போனது. 1978ல் ஜெனென்டெக் நிறுவன ஆய்வாளர்கள் மனித இன்சுலினை ஈ.கோலை பாக்டீரியாவில் உண்டாக்கினர். 1982ல் அது அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது.

வளர்ச்சி ஹார்மோனின் கதை இன்னும் அழுத்தமானது. வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு இறந்தவர்களின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து எடுத்த ஹார்மோனைத்தான் கொடுத்துவந்தார்கள். அந்த ஊசியின் வழியே மூளையை அழிக்கும் கொடிய நோய் சிலருக்குத் தொற்றியது 1985ல் வெளிப்பட்டது. அதே ஆண்டு, பாக்டீரியாவில் செய்த வளர்ச்சி ஹார்மோனுக்கு ஒப்புதல் கிடைத்தது. இயற்கையாகக் கிடைப்பது பாதுகாப்பானது, ஆய்வுக்கூடத்தில் செய்தது ஆபத்தானது என்ற எண்ணத்தை இந்த நிகழ்வு உடைக்கிறது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. கல்லீரல் அழற்சி பி தடுப்பூசி இறக்குமதியாகி, ஏழைக்கு எட்டாத விலையில் விற்ற காலத்தில், ஹைதராபாத்தில் வரபிரசாத் ரெட்டி தொடங்கிய சாந்தா பயோடெக் நிறுவனம் 1997ல் அதை ஈஸ்டில் தயாரித்துக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தது.

இங்கே மாற்றப்பட்ட உயிர் எஃகுத் தொட்டிக்குள் இருக்கிறது. வேலை முடிந்ததும் அதைக் கொன்று, புரதத்தை மட்டும் தூய்மைப்படுத்தி எடுக்கிறோம். ஒரு தொகுப்பில் குறை தெரிந்தால் சந்தையிலிருந்து திரும்பப் பெறலாம். இந்தத் துறைக்கு எதிர்ப்பு குறைவாகவே இருப்பதற்கு இது ஒரு காரணம்.

3. நோயாளியின் உடலில்

இரண்டாவது இடம் நோயாளியின் உடல். அரிவாள் செல் ரத்தசோகையை எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் புரதத்தின் பீட்டா சங்கிலிக்கான மரபணுவில் ஓர் எழுத்து மாறுகிறது. அடினின் இருக்க வேண்டிய இடத்தில் தைமின். அதனால் சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்து அமர்கிறது. ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு அரிவாள் போல் வளைந்து நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைக்கிறது. எலும்பைப் பிளக்கும் வலி, தொற்று, பக்கவாதம், இளமையில் மரணம். இந்தியாவில் இந்நோயை அறிவியல் இதழில் முதலில் பதிவு செய்தது 1952ல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே நடந்த ஆய்வுதான். இன்றும் அங்கே அந்த வலி தொடர்கிறது.

2012ல் ஜெனிபர் டவுட்னாவும் இம்மானுவேல் ஷார்பென்டியேவும் கிரிஸ்பர் என்ற கருவியை வடித்தார்கள். வெட்ட வேண்டிய இடத்துக்கு வழிகாட்டும் ஓர் ஆர்.என்.ஏ.வும், வெட்டும் காஸ்9 நொதியும் சேர்ந்தது அது. 2020ல் இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. கிரிஸ்பரால் அரிவாள் செல் நோய்க்குச் செய்யப்படும் காஸ்கெவி சிகிச்சைக்கு 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. நோயாளியின் எலும்பு மஜ்ஜைக் குருத்தணுக்களை எடுத்து, கருவில் இருந்தபோது சுரந்த ஹீமோகுளோபினை அடக்கிவைத்திருக்கும் பூட்டை வெட்டி நீக்கி, மீண்டும் உடலில் செலுத்துகிறார்கள். குழந்தைப் பருவத்தில் நின்றுபோன நல்ல ஹீமோகுளோபின் திரும்பச் சுரக்கிறது.

ஆனால் அமெரிக்காவில் இதன் விலை 22 லட்சம் டாலர். பழைய மஜ்ஜையை அழிக்கக் கடுமையான மருந்து கொடுக்க வேண்டும். அது கருவளத்தைப் பாதிக்கக்கூடும். கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருக்கும் பழங்குடிப் பெண்ணுக்கு இன்றைக்குக் கைகொடுப்பது, பிறந்ததும் செய்யும் ரத்தப் பரிசோதனையும், ஹைட்ராக்சியூரியா மாத்திரை தவறாமல் கிடைப்பதும்தான். ஒன்றிய அரசு 2023ல் அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியிருக்கிறது. மரபணுச் சிகிச்சையின் ஒளியில் இந்த எளிய பணிகள் மங்கிவிடக் கூடாது.

விலையைக் குறைக்க வழி உள்நாட்டு ஆய்வுதான். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா ஏ நோயாளிகள் ஐவருக்கு அவர்களுடைய குருத்தணுக்களிலேயே குறைபட்டிருந்த மரபணுவின் நல்ல நகலைச் சேர்த்துச் செய்த சிகிச்சையின் முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. சிகிச்சைக்குப் பிறகு கண்காணித்த காலத்தில் ஐவருக்குமே ரத்தக்கசிவு ஏற்படவில்லை. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி சிகிச்சை, அதாவது நோயாளியின் நோயெதிர்ப்பு அணுக்களையே மரபணு மாற்றி ரத்தப் புற்றுநோயை எதிர்க்கச் செய்யும் முறை, 2023ல் ஒப்புதல் பெற்றது. அதன் விலை வெளிநாட்டு விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு.

இந்த இடத்தில் மாற்றம் ஓர் உடலோடு முடிகிறது, பிள்ளைகளுக்குப் போவதில்லை. ஆனால் அந்த ஓர் உடலிலிருந்து அதைத் திரும்பப் பெற முடியாது. 1999ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சோதனையில் கலந்துகொண்ட ஜெசி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர், மரபணுவைச் சுமந்து சென்ற வைரஸுக்கு உடல் காட்டிய எதிர்வினையால் நான்கே நாளில் இறந்தார். அந்த இறப்பு இத்துறையைப் பல ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளியது. ஆபத்தை முழுமையாகச் சொல்லி, நோயாளி தெளிந்து தரும் ஒப்புதலைப் பெறுவது வெறும் சடங்கல்ல என்பதை அது உலகுக்குக் கற்பித்தது.

4. வயலில்: பருத்தி

மூன்றாவது இடமான வயலைப் பற்றித்தான் சற்று விரிவாகப் பேச வேண்டும். பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் மண்ணில் வாழும் பாக்டீரியா. அது உண்டாக்கும் புரதப் படிகம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து, அங்குள்ள ஏற்பிகளில் ஒட்டி, குடற்சுவரைத் துளைக்கிறது. புழு சாகிறது. மனித வயிறு அமிலத்தன்மை உடையது. அந்த ஏற்பிகளும் நம்மிடம் இல்லை. இந்தப் புரதத்துக்கான மரபணுவைப் பருத்தியில் சேர்த்ததே பி.டி. பருத்தி. 2002 மார்ச்சில் இந்தியா அதற்கு அனுமதி தந்தது. அதற்கு முந்தைய ஆண்டே குஜராத்தில் அனுமதியின்றி அது விளைந்துகொண்டிருந்தது தெரியவந்தது.

முதல் பத்தாண்டுகளில் காய்ப்புழு குறைந்தது, மருந்தடிப்பு குறைந்தது. நாட்டின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு 300 கிலோ பஞ்சு அளவிலிருந்து 500 கிலோவைத் தாண்டியது. பாசனம், உரம், புதிய மருந்துகள் ஆகியவற்றின் பங்கும் இதில் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பருத்திப் பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் பி.டி. ஆனது. உழவர்கள் ஏமாந்து வாங்கியதாகச் சொல்வது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும். கணக்குப் பார்த்துத்தான் வாங்கினார்கள்.

பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு திரும்பியது. முதல் மரபணுவை அது தாங்கிக்கொண்டது 2010ல் குஜராத்தில் உறுதியானது. 2006ல் வந்த இரட்டை மரபணு ரகத்தையும் அடுத்த சில ஆண்டுகளில் அது வென்றது. 2015ல் பஞ்சாபில் வெள்ளை ஈ பருத்தியை அழித்தது. சாறு உறிஞ்சும் பூச்சிகளை பி.டி. புரதம் தொடாது. 2017ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில், ஆளுயரம் வளர்ந்த பருத்திக்குள் நின்று மருந்துகளைக் கலந்து அடித்த உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் 20க்கு மேற்பட்டோர் நஞ்சேறி இறந்தார்கள். மருந்தடிப்பைக் குறைக்க வந்த பயிரின் வயலில் இப்படி நடந்ததை நாம் மறக்கக் கூடாது.

மரபணு தோற்றதா? அமெரிக்காவைப் பாருங்கள். அதே பூச்சி, அதே மரபணு. அரிசோனா உழவர்கள் பி.டி. அல்லாத பருத்தியையும் அருகே பயிரிட்டுப் புழு எதிர்ப்பாற்றல் பெறுவதைத் தாமதப்படுத்தினார்கள். 2006 முதல் மலடாக்கிய அந்துப்பூச்சிகளை வயலில் விட்டார்கள். பஞ்சு எடுத்ததும் செடியை உழுது அழித்தார்கள். 2018ல் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அமெரிக்கப் பருத்தி நிலங்களில் ஒழிக்கப்பட்டதாக அந்நாட்டு வேளாண் துறை அறிவித்தது.

இங்கே 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதா விதையும் தரப்பட்டது. வயலைச் சுற்றி ஐந்து வரிசை அல்லது ஐந்தில் ஒரு பங்கு சாதா பருத்தி நட வேண்டும் என்பது விதியாக இருந்தது. இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் அதில் ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்கு விட்டுக்கொடுப்பாரா? அவர் பக்கத்தில் நின்று காரணத்தைச் சொல்லவோ, இழப்பை ஈடுசெய்யவோ ஆளில்லை. மேலும் இங்கே பி.டி. மரபணு பெரும்பாலும் நீண்டகால வீரிய ஒட்டு ரகங்களிலேயே வந்தது. ஆறு மாதத்துக்கு மேல் நிற்கும் செடி, புழுவுக்கு விடாமல் உணவிட்டது. வீரிய ஒட்டு என்பதால் விதையை ஆண்டுதோறும் வாங்க வேண்டியதாயிற்று. விதையைச் சேமித்து வைக்கக்கூடிய பி.டி. ரகம் ஒன்றைப் பொதுத்துறை ஆய்வு நிறுவனங்கள் கொண்டுவந்தபோது, அதில் வேறு நிறுவனத்தின் மரபணு கலந்திருப்பது தெரிந்து விற்பனை நிறுத்தப்பட்டது. தோற்றது மரபணு மட்டுமல்ல. விரிவாக்கப் பணியும், கண்காணிப்பும், பொது ஆய்வும் சேர்ந்தே தோற்றன.

5. கத்தரி, கடுகு, நெல்

பி.டி. கத்தரிக்கு 2009 அக்டோபரில் ஒன்றிய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு இசைவு தந்தது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று அதை நிறுத்திவைத்தார். கத்தரியின் பல்வகைமைக்கு நம் நாடு ஒரு முக்கிய இருப்பிடம். காட்டுக் கத்தரி உறவினங்களும் இங்கே உண்டு. மகரந்தம் வேலி பார்த்து நிற்பதில்லை. ஆகவே அந்த எச்சரிக்கைக்கு நியாயம் இருந்தது. ஆனால் கோவை வேளாண் பல்கலைக்கழகம் நம் ஊர் ரகங்களில் இதே மரபணுவைச் சேர்த்து, விதையை உழவர் சேமித்துக்கொள்ளும் வகையில் செய்த வேலையும் அத்தோடு முடங்கியது. குருத்தையும் காயையும் துளைக்கும் புழுவுக்காகக் கத்தரிக்கு அடிக்கப்படும் மருந்தோ குறையவில்லை. வங்கதேசம் 2013ல் நான்கு பி.டி. கத்தரி ரகங்களை அனுமதித்தது. தடை விதித்த பிறகு ஐயங்களைத் தீர்க்கும் ஆய்வுகளைத் தொடர்ந்து நடத்தி முடிவை வெளியிடுவதே முறை. அதை நாம் செய்யவில்லை.

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பென்டல் குழு உருவாக்கிய மரபணு மாற்றக் கடுகை வெளியிட 2022ல் அதே குழுவின் பரிந்துரை கிடைத்தது. அதில் களைக்கொல்லியைத் தாங்கும் மரபணுவும் இருப்பதால், களையெடுக்கும் பெண்களின் வேலையும் தேனீக்களின் நலமும் விவாதப் பொருளாயின. 2024 ஜூலை 23 அன்று இவ்வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் அனுமதி குறித்து வேறுவேறு தீர்ப்பு எழுதினர். ஆனால் அனைவரையும் கலந்து ஒரு தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பதில் ஒன்றுபட்டனர்.

அயல் மரபணு சேர்க்காமல், உள்ளதையே திருத்தும் முறைக்கு 2022ல் விதிகள் தளர்த்தப்பட்டன. 2025 மே மாதம் அவ்வகையில் திருத்திய இரண்டு நெல் ரகங்களை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அறிவித்தது. அவற்றிலொன்று நம் உழவர்கள் நன்கறிந்த சம்பா மசூரியிலிருந்து வந்தது. இம்முறையில் அபாயம் குறைவு என்ற அறிவியல் வாதத்தை நான் ஏற்கிறேன். ஆயினும் சோதனைத் தரவுகள் பொதுவெளிக்கு வர வேண்டும். காப்புரிமையின் சுமை உழவர் தலையில் ஏறாமல் பார்க்க வேண்டும். விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் உழவருக்கு 2001ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை புதிய ரகங்களிலும் குறையக் கூடாது.

உணவு பாதுகாப்பானதா என்று கேட்பதும் நியாயமே. பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சோயாவில் சேர்த்தபோது ஒவ்வாமையும் கூடவே வந்தது சோதனையில் தெரிந்தது. அந்தச் சோயா சந்தைக்கு வராமலே கைவிடப்பட்டது. சோதனை இருந்தால் ஆபத்து முன்கூட்டியே தெரியும் என்பதற்கு இது சான்று. ஒவ்வொரு பயிரையும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்பதற்கும் இதுவே சான்று.

6. கருவில்

நான்காவது இடம் மனிதக் கரு. 2018 நவம்பரில் சீனாவின் ஹெ ஜியான்குய், எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க வேண்டுமென்று சி.சி.ஆர்.5 மரபணுவைத் திருத்திய இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார். உலக அறிவியலாளர்கள் அதிர்ந்தார்கள். தந்தையின் தொற்று குழந்தைக்கு வராமல் தடுக்க வேறு எளிய வழி இருந்தது. தேவையே இல்லாத இடத்தில் அவர் கை வைத்தார். 2019ல் சீன நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

கருவில் செய்த மாற்றம் அந்தக் குழந்தைக்கும் அதன் வழித்தோன்றல்களுக்கும் போகும். ஒப்புதல் தர வேண்டியவர்கள் இன்னும் பிறக்கவில்லை. எது குறை, எது காப்பு என்று நமக்கு முழுதும் தெரியாது. அரிவாள் செல் மரபணு இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால் கொடிய நோய்; ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. மலேரியா மிகுந்த காட்டுப் பகுதிகளில் அந்த மரபணு நிலைத்ததற்கு அதுவே காரணம். நோயாளியைக் குணப்படுத்துவது கடமை. மனிதகுலத்தின் மரபிலிருந்து ஒன்றை நிலையாக நீக்க நமக்கு அறிவும் இல்லை, அதிகாரமும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2019 நெறிமுறைகள் இதைத் தடை செய்கின்றன. அந்தத் தடை நீடிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

7. நம் கடமை

நிறைவாகச் சில வேண்டுகோள்கள். தொட்டிக்குள் விளையும் மருந்தை அச்சமின்றி வரவேற்போம். அதன் விலையைக் குறைக்கக் குரல் கொடுப்போம். நோயாளியின் உடலில் செய்யும் சிகிச்சையை வேலூரும் மும்பையும் காட்டிய வழியில் நம் பொது நிறுவனங்களில் வளர்ப்போம். வயலுக்கு வரும் ஒவ்வொரு பயிருக்கும் மூலத் தரவுகளை வெளியிடச் சொல்வோம். விற்ற பிறகு பத்தாண்டுகளாவது கண்காணிக்கச் சொல்வோம். எதிர்ப்பாற்றல் மேலாண்மையின் செலவை விதை விற்பவரும் அரசும் ஏற்கச் சொல்வோம். கருவில் கைவைப்பதை மறுப்போம்.

மாணவர்களே, இந்தக் கருவியைக் கையாளப் போகிறவர்கள் நீங்கள். ஒப்புதல் குழுவின் முன் வரும் ஆவணங்களைப் படித்துத் தமிழில் உழவருக்கும் நோயாளிக்கும் விளக்கிச் சொல்பவர்கள் இன்று மிகக் குறைவு. உங்கள் ஊர் விதைக் கடையில் விற்கும் பொட்டலத்தின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதிலிருந்து அந்தப் பணியைத் தொடங்கலாம். அஞ்சி ஒதுங்கினால் முடிவுகளை வேறு யாரோ எடுப்பார்கள். கண்மூடி நம்பினாலும் அப்படியே. படியுங்கள், தரவு கேளுங்கள், கேட்டதை மக்கள் மொழியில் சொல்லுங்கள்.